விசில் டீச்சரின் வயிற்றெரிச்சல்

விசில் டீச்சருக்குப் பொறாமை வந்தால் அது முதலில் தெரிவது பாத்திரங்களுக்குத்தான். அடுப்பில் மூடியை வைக்கிற சத்தத்திலேயே அவருடைய கணவருக்கு விஷயம் விளங்கிவிடும். மாடியில் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாடியில் குடியிருப்பவள் அவருடைய ஓரகத்தி. கணவரின் தம்பி மனைவி. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம், நடுவில் ஒரு படிக்கட்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பெண்களும் மாநகராட்சிப் பள்ளிகளின் தலைமையாசிரியைகள். டீச்சருடையது மேற்குத் தெருப் பள்ளி. சின்னவளுடையது பாலத்தடிப் பள்ளி. காலையில் ஒரே வாசலிலிருந்து கிளம்பி, தெருமுனையில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போவார்கள்.

டீச்சருக்கு அந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் எவர்சில்வர் விசிலால் வந்தது. அதை எடுத்து ஒரு ஊது ஊதினால் மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள் ஓடின காலைத் தூக்கினபடியே நிற்பார்கள். பள்ளிக்கு வெளியே சைக்கிளில் போகிறவன்கூட ஒரு நிமிடம் பிரேக்கைப் பிடித்துவிடுவான். பிள்ளைகள் வைத்த பெயர் பெற்றோருக்குப் போய், பிறகு அதிகாரிகள் வரைக்கும் போய்விட்டது. டீச்சருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சின்னவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே இவர்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அடுக்களையில் உட்கார்ந்து பழைய பத்திரிகையைத் திருப்பிக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிட்டார். “அக்கா இல்லேன்னா நான் இல்லே” என்று அவள் வாய்க்கு வாய் சொல்லுவாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாக ஏறிப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஒருத்தியைத் தூக்கிவிடலாம், தப்பில்லை. அவள் நம் உயரத்துக்கு வந்து நிற்கும்போதுதான் கழுத்து வலிக்கிறது.

அந்த வருடம் மாநகராட்சி ஒரு குழு அமைத்தது. நகரத்துப் பொதுப் பள்ளிகளைத் தூக்கி நிறுத்த வேண்டும், தனியார் பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பெரிய திட்டம். கல்வி அதிகாரிகள், பேராசிரியர்கள், கொள்கை வகுப்பவர்கள் எல்லோரும் உட்காரும் அந்த மேஜையில் ஒரே ஒரு நாற்காலி ஒரு தலைமையாசிரியருக்கு. வருடம் முழுக்கப் பள்ளிகளைப் பார்ப்பார்களாம். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்களாம். கடைசியில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்களாம்.

அந்த நாற்காலி டீச்சரின் கனவிலேயே வர ஆரம்பித்துவிட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. வகுப்பறையில் ஒருநாள்கூட நிற்காதவர்கள் எடுத்த முடிவையெல்லாம் சுமந்து சுமந்து அவருக்கு அலுத்திருந்தது. சுவரில் பிளக் பாயிண்டே இல்லாத பள்ளிக்கு ஒரு வருடம் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. இன்னொரு வருடம் கழிப்பறை கட்டிக்கொடுத்தார்கள், தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்து. பரீட்சைக்கு முந்தின மாதம் பார்த்து ஆசிரியர்களை இடம் மாற்றுவார்கள்.

“அந்த மேஜையில உட்கார்ந்து, ஏன்யா இப்படிப் பண்ணினீங்கன்னு மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேட்கணும்ங்க. அதுக்கப்புறம் ரிட்டயர் ஆனாலும் பரவாயில்லே” என்றார் கணவரிடம்.

விண்ணப்பம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், சின்னவள் படிக்கட்டில் குதித்து இறங்கி வருகிறாள்.

“அக்கா! நானும் போட்டுட்டேன்க்கா. நீங்கதான் எனக்கு தைரியம். ரெண்டு பேர்ல யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே?”

“ஆமா, ஆமா. நம்ம வீட்டுக்குத்தான்” என்றார் டீச்சர். அன்றைக்கு மூடிகள் போட்ட சத்தத்தில் மாடிவீட்டுக் கொழுந்தன் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணி, பூனை ஏதாவது புகுந்துடுச்சா?” என்று கேட்டான்.

பள்ளி திறந்த புதிதிலேயே குழுவிலிருந்து இரண்டு பெண்கள் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். டீச்சருக்குச் சிரிப்பாக வந்தது. இன்னும் ஒரு பாடம்கூட நடத்தவில்லை, அதற்குள் என்ன பரீட்சை? அவர் பார்த்த அதிகாரிகள் எல்லோரும் வருடக் கடைசியில் வந்து “எத்தனை பேர் பாஸ்?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனவர்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் பள்ளி நடத்தியிருக்கிறார். வந்த பெண்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு அந்த விஷயத்தை அதோடு மறந்துபோனார்.

சின்னவள் அங்கே வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தடிப் பள்ளியில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்த அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து, வெள்ளையடித்து, பாய் விரித்து வாசிப்பு அறை ஆக்கிவிட்டாள். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் தினமும் முதல் பாடவேளையில் அவளோடு அந்தப் பாயில் உட்கார்ந்து படிக்க வேண்டும். தலைமையாசிரியை பாயில் உட்காருவதா! டீச்சர் கேள்விப்பட்டபோது உதட்டைப் பிதுக்கினார்.

உதட்டைப் பிதுக்கின வாரமே குழுவின் தலைவி, கல்வி அதிகாரியம்மா, அங்கே போய் அதே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் பேராசிரியர்களையும் கூட்டிக்கொண்டு போனார். பேப்பரில் படம் வந்தது. நடுவில் சின்னவள், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “தம்பி பொண்டாட்டி பேப்பர்ல வந்தா நமக்கும் பெருமைதானே?”

“பெருமைதான். யாரு இல்லேன்னா? நான் சந்தோஷமாத்தான் இருக்கேன்.”

“அதான் தெரியுதே. சாப்பாட்டுல உப்பு ரெண்டு தடவை விழுந்திருக்கு.”

டீச்சர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிறு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. தன் பள்ளிக்கு அந்த அதிகாரியம்மா ஒரே ஒரு முறை வந்தார். விசில் சத்தத்துக்குப் பிள்ளைகள் நின்ற நேர்த்தியைப் பார்த்து, “நல்ல ஒழுங்கு” என்றார். அவ்வளவுதான். பாயும் இல்லை, படமும் இல்லை.

சாப்பிடாமல் படுத்தவருக்கு உறக்கம் வராமல் யோசனை வந்தது. மேற்குத் தெருப் பள்ளியில் நாலாவதிலும் ஐந்தாவதிலும் சேர்த்துப் பதினோரு பிள்ளைகளுக்கு வாசிக்க வராது. அந்தப் பதினோரு பேர்தான் கடைசியில் தன் காலை வாரப்போகிறார்கள். சின்னவளிடம்தான் வாசிப்பு அறை இருக்கிறதே! ஆசைப்பட்டு வைத்திருக்கிறாள், அவளே பார்த்துக்கொள்ளட்டும். தன் பள்ளியில் வாசிக்காத பிள்ளையே இருக்காது. அவள் பள்ளியில் பதினோரு பேர் கூடுவார்கள். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். என்ன மூளை தனக்கு!

மறுநாளே பெற்றோரைக் கூப்பிட்டுவிட்டார். “அங்க தனி ரூம், தனி கவனிப்பு. பிள்ளை நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். விசில் டீச்சர் சொன்னால் யார் மறுப்பார்கள்? சின்னவளிடம் சொன்னபோது அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அனுப்புங்கக்கா! என்னை நம்பி அனுப்புறீங்களே, அதுவே போதும்.”

அந்த முகத்தைப் பார்க்க டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சமாவது முகம் சுளித்திருக்கலாம்.

பதினோரு பேரில் நாலாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி. சலவைக்கடையில் தேய்க்கிறவளின் மகள். வகுப்பில் அவளைக் ‘குனிஞ்சதலை’ என்றுதான் கூப்பிடுவார்கள். மோவாய் நெஞ்சில் ஒட்டியபடியே உட்கார்ந்திருப்பாள். “நிமிர்ந்து பாரு! எழுத்து போர்டுல இருக்கா, உன் மடியில இருக்கா?” என்று டீச்சர் எத்தனையோ முறை கத்தியிருக்கிறார். அவள் நிமிர்ந்ததில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“நான் திரும்ப எப்போ வரணும் டீச்சர்?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. “படிக்கக் கத்துக்கிட்டதும் வா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

வருட நடுவில் மாநகராட்சி புதுச் சீருடை தராது. அதனால் பதினோரு பேரும் மேற்குத் தெருப் பள்ளிச் சட்டையோடுதான் பாலத்தடிக்குப் போனார்கள். சட்டைப் பையில் பள்ளியின் பெயர் பெரிய எழுத்தில் நூலால் தைத்திருக்கும். டீச்சரே பார்த்துப் பார்த்துத் தைக்கச் சொன்ன எழுத்து அது.

வருடக் கடைசியில் அதே இரண்டு பெண்களும் வந்தார்கள். மேற்குத் தெருப் பிள்ளைகள் தண்ணீர்போல் வாசித்தார்கள். ஒருவர்கூடத் திக்கவில்லை. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் வெளிர்நீலப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தேய்த்து வைத்தார். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். கணவர்தான் குழு. கட்டிலில் உட்கார்ந்து தலையாட்ட வேண்டும்.

“கழிப்பறைக்குத் தாழ்ப்பாளை வெளியே வைத்த மேதை யார் என்று நான் அறிய விரும்புகிறேன்” என்றார் டீச்சர்.

“அந்தாளு ரிட்டயர் ஆயிட்டாரும்மா.”

“நீங்க குறுக்கே பேசாதீங்க. குழு பேசாது.”

தேர்வு அறிவிக்கும் கூட்டம் மாநகராட்சி மண்டபத்தில் நடந்தது. நகரத்துத் தலைமையாசிரியர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். டீச்சர் முதல் வரிசையில், மேடைக்கு ஏறும் படிக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தார். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்குக் கை சில்லுன்னு இருக்குக்கா, பாருங்க” என்று நீட்டினாள். டீச்சர் தொட்டுப் பார்த்துவிட்டு, “பயப்படாதே, ஒண்ணும் ஆகாது” என்று பெரிய மனசு பண்ணிச் சொன்னார்.

அதிகாரியம்மா ஒலிபெருக்கியைச் சரி செய்துகொண்டார்.

“கடைசியில எத்தனை பேர் பாஸ்னு மட்டும் இத்தனை காலம் கேட்டோம். நல்லாப் படிக்கிற பிள்ளைங்களை வெச்சிருந்த பள்ளிக்கே பரிசு போச்சு. இந்தத் தடவை அப்படிப் பார்க்கல. ஒவ்வொரு பிள்ளையும் வருஷ ஆரம்பத்துல எங்க நின்னுது, இப்ப எங்க நிக்குது, நடுவுல எவ்வளவு தூரம் வந்துதுன்னு பார்த்தோம். பிள்ளை பள்ளி மாறினா அந்தத் தூரம் புதுப் பள்ளி கணக்குல சேரும்.”

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள்! டீ வாங்கிக் கொடுத்தாரே! மேற்குத் தெருவில் மிச்சமிருந்த பிள்ளைகள் ஆரம்பத்திலேயே வாசிக்கத் தெரிந்தவர்கள். கடைசியிலும் வாசித்தார்கள். அவர்கள் வந்த தூரம் நாலடி. ஒன்றுமே தெரியாமல் போன பதினோரு பேர் நடந்த தூரம்தான் தூரம். அந்தப் பதினோரு பேரையும் தன் கையாலேயே பை மாட்டிச் சின்னவளுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

“பாலத்தடிப் பள்ளி” என்றார் அதிகாரியம்மா.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. கைதட்டல் கேட்டது. தன் கையும் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சின்னவள் மேடையேறி நின்று மூக்கை உறிஞ்சினாள்.

“இதுக்கு நான் மட்டும் காரணமில்லே. அதிக தூரம் வந்த பதினோரு பிள்ளைங்களை எங்கிட்ட அனுப்பினவங்க இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. தன் பள்ளியில எண்ணிக்கை குறைஞ்சாலும் பரவாயில்லே, பிள்ளை படிச்சாப் போதும்னு அனுப்பினாங்க. எங்க அக்கா. விசில் டீச்சர்.”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. சின்னவளுக்குத் தட்டினதைவிடப் பலமாகத் தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான், எல்லோரும் எழுந்துவிட்டார்கள். டீச்சரும் எழுந்து கும்பிட வேண்டியதாயிற்று. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. நாற்காலி போனதுகூட ஆறிப்போயிருக்கும். இந்தக் கைதட்டலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வீட்டுக்கு வந்தும் புடவையை மாற்றாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்து இரண்டு படி மேலே உட்கார்ந்தாள்.

“நான் நல்ல எண்ணத்துல அனுப்பலே” என்றார் டீச்சர், திரும்பிப் பார்க்காமல்.

“தெரியும்க்கா.”

“தெரியுமா?”

“வாசிக்க வராத பிள்ளைங்களாப் பொறுக்கி எடுத்து அனுப்பினா தெரியாதா? நானும் தலைமையாசிரியைதானே?”

“தெரிஞ்சும் மேடையில அப்படிப் புளுகினியா?”

“வேற என்ன சொல்றது? எங்கக்கா வயித்தெரிச்சல்ல தள்ளிவிட்டாங்கன்னு மைக்குல சொல்லவா?” சின்னவள் சிரித்துவிட்டாள். “எனக்கு மட்டும் இல்லையா என்ன? நீங்க ஒரு தடவை ஊதினா நானூறு பிள்ளை நிக்குது. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒண்ணும் நிக்கமாட்டேங்குது. நானும் விசில் வாங்கி ஊதிப் பார்த்தேன். நாய்தான் வந்துச்சு.”

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்த சலவைக்கடைப் பொண்ணு... குனிஞ்சதலை. அவ எப்படி?”

சின்னவள் ஒரு படி இறங்கி உட்கார்ந்தாள்.

“முதல்ல வாயே திறக்கலேக்கா. மாசக்கணக்கா பாயில குனிஞ்சே உட்கார்ந்திருந்தா. ஒருநாள் நான் வேற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துட்டிருக்கேன், பக்கத்துல மெல்ல முனகல் கேக்குது. பார்த்தா, சட்டைப் பையைப் பார்த்து விரலை வெச்சு எழுத்துக் கூட்டிட்டிருக்கா. மே-ற்-கு-த் தெ-ரு. அவளுக்கு அது தலைகீழாத் தெரியும் இல்லையா? தலைகீழாவே படிச்சா. அதுதான் அவ படிச்ச முதல் வார்த்தை.”

டீச்சர் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அத்தனை காலமும் அந்தப் பெண் எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த எழுத்து அவள் நெஞ்சில் இருந்தது. நிமிரு நிமிரு என்று கத்தினாரே! அந்த முதல் வார்த்தை தன் பள்ளியின் பெயர். அதைக் கேட்டது சின்னவளின் காது. நாற்காலி, மேடை, பேப்பரில் வந்த படம் எதற்கும் இப்படி எரியவில்லை. இந்த ஒன்றுக்கு டீச்சருக்குக் குடலெல்லாம் எரிந்தது.

“அவளைத் திரும்ப எங்கிட்ட அனுப்பிடு.”

“அவளையே கேளுங்கக்கா” என்றாள் சின்னவள்.

பள்ளி மறுபடி திறந்த நாள் காலையில் டீச்சர் தெருமுனையில் தன் பக்கம் திரும்பவில்லை. சின்னவளோடு பாலத்தடிக்கே போனார். வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். புதுச் சீருடை வந்துவிட்டது. சட்டைப் பையில் பாலத்தடிப் பள்ளியின் பெயர்.

“படிக்கக் கத்துக்கிட்டதும் வான்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா? வர்றியா?” என்று கேட்டார் டீச்சர். தன் குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது.

அந்தப் பெண் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் கண்ணை டீச்சர் பார்ப்பது அன்றைக்குத்தான்.

“இல்லே டீச்சர். நான் இங்கேயே இருக்கேன்” என்றாள்.

டீச்சர் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். தன் பள்ளிக்கு அவர் தாமதமாக வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. மைதானம் அமளிதுமளிப்பட்டது. உதவித் தலைமையாசிரியர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் பின்னால் ஒரு தாய், முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாலாம் வகுப்பில் புதிதாகச் சேர வந்த ஒரு பிள்ளை.

“எழுத்துகூடத் தெரியல டீச்சர். சின்ன டீச்சர் ஸ்கூலுக்கே அனுப்பிடலாமா? போன வருஷம் அனுப்பினோமே, எவ்வளவு நல்ல பேர் வந்துச்சு!”

“அனுப்பினீங்க, தொலைச்சுடுவேன்!” டீச்சர் போட்ட சத்தத்தில் விசில் இல்லாமலே மைதானம் நின்றுவிட்டது. “இனிமே இந்த கேட்டைத் தாண்டி ஒரு பிள்ளை அவகிட்டப் போகக் கூடாது. ஒண்ணு கூட! ஸ்டோர் ரூம் சாவியை எடுங்க. பாய் எங்கே கிடைக்கும்னு பாருங்க.”

உதவித் தலைமையாசிரியர் பேந்தப் பேந்த விழித்தார். டீச்சர் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைப் பார்த்து நடந்தார்.

“நீ எதைப் படிச்சாலும் முதல்ல எங்கிட்டதான் படிச்சுக் காட்டணும்” என்றார். “மாடிவீட்டுக்காரி காதுல விழவே கூடாது. தெரிஞ்சுதா?”